செம்பைன் மரத்தடியில் மறையும் காளான்

காட்டைக் காக்க வேண்டுமானால் மனிதன் அதனை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். கோடரியின் ஓசை ஓய்ந்தாலே காடு தானாகத் தழைக்கும் என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அறிவுரை. அவ்வறிவுரை பெரும்பாலும் மெய்யானதே. ஆயினும், மனிதன் காட்டை மறந்துவிட்ட காரணத்தினாலேயே அருகிப்போன ஓர் உயிரும் இவ்வுலகில் உண்டு. அதனைக் காண விரும்பி யப்பான் நாட்டின் பழந்தலைநகராகிய கியோத்தோவுக்கும், அதன் வடமேற்கேயுள்ள மலைக் கிராமம் ஒன்றுக்கும் நாம் மேற்கொண்ட பயணத்தின் வரலாறே இது.

அவ்வுயிர் புலியுமன்று, யானையுமன்று. மழைக்குப் பின் மண்ணைப் பிளந்து தலைகாட்டும் ஒரு காளான். அதன் பெயர் மட்சுத்தாக்கே. யப்பானிய மொழியில் மட்சு என்றால் பைன் மரம். தாக்கே என்றால் காளான். பைன் மரத்துக் காளான் என்று நாம் தமிழிற் கூறலாம்.

சந்தையில் ஒரு கூடை

ஐப்பசி மாதத்து முற்பகல் ஒன்றில் கியோத்தோ நகரின் நிஷிக்கிச் சந்தையினுள் நுழைந்தோம். ஏறத்தாழ 390 மீற்றர் நீளமுள்ள ஒடுக்கமான தெரு அது. மேலே கூரை வேயப்பட்டிருக்கிறது. இருமருங்கிலும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். உலர்ந்த மீன், ஊறவைத்த காய்கறி, சோயாக் கட்டி, இனிப்புப் பண்டம் என்று நகரத்தாருக்கு வேண்டிய அனைத்தும் அங்கே கிடைக்கின்றன. அதனைக் கியோத்தோவின் அடுக்களை என்று மக்கள் அழைப்பது பொருத்தமே.

காய்கறிக் கடை ஒன்றின் முன்னே நம் நண்பர் நின்றார். கியோத்தோவிற் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்பயணம் முழுவதும் நமக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உதவியவரும் அவரே. அங்கே மூங்கிற் கூடை ஒன்றிற் பசிய பன்னத் தழையைப் பரப்பி, அதன்மீது மூன்றே மூன்று காளான்களை வைத்திருந்தனர். தண்டு பருத்து, தலை இன்னும் விரியாது, மேலே பழுப்புச் செதில் படர்ந்து, பார்வைக்கு மிகவும் எளியனவாகவே அவை தோன்றின. ஆனால் விலையைப் பார்த்தபோதோ திகைத்துப் போனோம். நாம் தங்கியிருந்த விடுதியின் இரண்டு நாள் வாடகைக்கு அது சமமாக இருந்தது! அருகே இருந்த இன்னொரு கூடையில் அதே வகைக் காளான்கள் நிறைய இருந்தன. விலையும் மிகக் குறைவு. அவை சீனாவிலிருந்து வந்தவை என்றார் கடைக்காரர்.

கூடையை முகர்ந்து பார்க்குமாறு அவர் சைகை காட்டினார். குனிந்தோம். ஈரமண்ணின் வாசனை, அதனூடே பைன் பிசினின் வாசனை, அவற்றுக்கும் அப்பால் நமக்கு நன்கு பழக்கமான ஏதோ ஒன்று. கறுவா விளையும் நாட்டிலிருந்து சென்ற நமக்கு அதனை இனங்காணச் சிறிது நேரமே பிடித்தது. ஆம், கறுவாப்பட்டையின் சாயல் அம்மணத்தில் உண்டு. இஃது எமது கற்பனையன்று. இக்காளானின் மணத்துக்குக் காரணமான இரு முக்கிய பொருள்களுள் ஒன்று கறுவாவின் பெயரையே தாங்கிய மீதைல் சினமேற்று என்பதாகும்.

மணத்துக்கு மட்சுத்தாக்கே, சுவைக்கு வேறொரு காளான் என்பது அந்நாட்டார் வழக்கு. 8ஆம் நூற்றாண்டிற் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்னும் பழந்தொகை நூலில் இலையுதிர் காலத்து மலையெங்கும் காளான் மணம் கமழ்வதைப் பாடும் செய்யுள் ஒன்றுண்டு. அது மட்சுத்தாக்கேயைக் குறித்ததே என்பர். பிற்காலத்திற் பிரபுக்களும் நகரத்து வணிகரும் உணவையும் மதுவையும் எடுத்துக்கொண்டு மலையேறி, காளான் பறித்து, அங்கேயே சுட்டுண்டு மகிழ்வது இலையுதிர் காலத்துப் பெருவிழாவாகவே இருந்தது.

மணம் என்பது மூக்கைப் பொறுத்தது போலும்! இதே காளானை நோர்வே நாட்டிற் கண்ட அறிஞர் ஒருவர் 1905இற் குமட்டல் தருவது என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். இரண்டும் ஒரே இனம் என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் மரபணு ஆய்விலேயே தெரியவந்தது. விதிப்படி முந்திய பெயரே நிலைத்திருக்க வேண்டும். ஆயினும் உலகறிந்த மட்சுத்தாக்கே என்னும் பெயரை விட்டுவிட அறிவியலாருக்கும் மனம் வரவில்லை, அதனையே நிலைநிறுத்தினர்.

12,000 தொன்னும் 14 தொன்னும்

சந்தையை விட்டு வெளியே வந்து தேநீர் அருந்தும்போது நண்பர் இரண்டு எண்களைக் கூறினார். 1941ஆம் ஆண்டில் யப்பானில் அறுவடையான மட்சுத்தாக்கே சுமார் 12,000 தொன். 2019ஆம் ஆண்டில் அறுவடையானது 14 தொன். அதன் பின் வந்த ஆண்டுகளில் அத்தொகை சிறிது கூடியும் குறைந்தும் இருந்ததேயன்றிப் பழைய நிலையின் அருகேகூட வரவில்லை.

அத்தனையையும் மக்கள் பறித்துத் தின்று தீர்த்துவிட்டார்களா என்று கேட்டோம். அவர் புன்னகை செய்தார். மறுநாட் காலையிற் புகையிரதம் ஏறினால் விடை கிடைக்கும் என்றார்.

கியோத்தோவிலிருந்து புறப்படும் சான்-இன் பாதை மேற்குக் குன்றுகளைத் துளைத்து, ஹொசு ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகத் தம்பா நாட்டுக்குச் செல்கிறது. சுரங்கத்தினுள் இருள், வெளியே வந்தால் அடியிற் பச்சை நிற ஆறு, மீண்டும் இருள். இவ்வாறு கண்ணாமூச்சி ஆடிய வண்டி இறுதியில் ஒரு சமவெளியிற் புகுந்தபோது எங்கும் வெண்பனி மூடியிருந்தது. இலையுதிர் காலத்துக் காலைகளில் தம்பாவின் மூடுபனி பெயர்பெற்றது. பனி விலக விலக, அறுவடை முடிந்த நெல்வயல்களும், கருஞ்சோயாத் தோட்டங்களும், அவற்றைச் சூழ்ந்த தாழ்ந்த குன்றுகளும் ஒவ்வொன்றாகத் தோன்றின. மட்சுத்தாக்கேயின் பெயரோடு பழங்காலந்தொட்டுச் சேர்த்துப் பேசப்படும் நிலம் இதுவே.

குன்றுகளைப் பார்த்தபோது அவை செழிப்பாகவே நமக்குத் தோன்றின. உச்சிமுதல் அடிவரை அடர்ந்த பசுமை. இவ்வளவு வளமான காட்டிற் காளானுக்கு என்ன குறை என்றோம். அந்த வளந்தான் குறை என்றார் நண்பர். பிறகு அவர் சுட்டிக்காட்டிய இடங்களை உற்று நோக்கினோம். பசுமைக்கு நடுவே எலும்புக்கூடுகள் போல வெளிறி நின்றன பட்டுப்போன பைன் மரங்கள்.

மலையின் சொந்தக்காரர்

கிராமத்தில் நம்மை வரவேற்றவர் எண்பது வயதைக் கடந்த ஒரு விவசாயி. மெலிந்த உடல், ஆனால் மலையேறும்போது நம்மைவிட வேகமாக நடந்தார். மலைப்பாதையின் தொடக்கத்திற் கயிறு கட்டி, காளான் பருவத்தில் அயலார் நுழையலாகாது என்னும் அறிவிப்பைத் தொங்கவிட்டிருந்தனர். இத்தகைய கிராமங்களிற் காளான் பறிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடும் வழக்கம் இருந்துவந்தது. அப்பணம் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குச் செலவாகும். இப்போது இம்மலையை ஏலம் கேட்பார் இல்லை. ஆயினும் பழைய வழக்கத்தை விடாது ஆண்டுதோறும் கயிற்றைக் கட்டிவருவதாகப் பெரியவர் கூறினார்.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில், பள்ளிக்குக் கொண்டுசெல்லும் உணவுப் பெட்டியில் இன்றும் மட்சுத்தாக்கேதானா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்களாம். சந்தையிற் கண்ட விலையை நினைத்துக்கொண்டு நாம் அதைக் கேட்டிருந்தோம்.

அக்காலத்தில் மலைக்குப் போகாத நாளே கிடையாதென்றார். அடுப்புக்கும் குளியல் நீரைக் காய்ச்சுவதற்கும் விறகு மலையிலிருந்தே வர வேண்டும். நெருப்பு மூட்டப் பைன் ஊசிகளை வாரிக் கட்டுவர். வயலுக்கு எருவாக்க உதிர்ந்த இலைகளையும் இளங்கிளைகளையும் சுமந்து வருவர். தாயும் பிள்ளையும் வாரிய மலைத்தரை வீட்டு முற்றத்தைப் போலத் துப்புரவாக இருக்குமாம். ஊருக்கும் நெடுங்காட்டுக்கும் இடைப்பட்ட இவ்வகை மலைநிலத்தைச் சத்தோயாமா என்கின்றனர். ஊர்மலை என்று சொன்னால் அதன் பொருள் நமக்கு விளங்கும்.

இனி, இக்காளானின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொண்டாலன்றி மேலே சொல்வது விளங்காது. மட்சுத்தாக்கே உக்கிய மரத்தில் முளைப்பதன்று. உயிரோடு நிற்கும் செம்பைன் மரத்தின் நுண்வேர்களைத் தன் மெல்லிய இழைகளாற் போர்த்து, அம்மரத்தோடு பண்டமாற்றுச் செய்து வாழ்வது. மரம் தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையைக் கொடுக்கும். காளான் மண்ணிலிருந்து நீரையும் தாதுச்சத்தையும் திரட்டிக் கொடுக்கும். மண்ணுக்குள் வெண்சாம்பல் நிறமாகப் பரந்து கிடக்கும் இவ்விழைத் திரளை ஷீரோ என்பர். அது மரத்தைச் சூழ்ந்து வளையமாக ஆண்டுக்குப் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வெளிநோக்கி நகரும். இலையுதிர் காலத்தில் மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 19 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் வளையத்தின் ஓரத்தில் மொட்டுகள் தோன்றும். நாம் கூடையிற் காண்பது அம்மொட்டைத்தான். காளானின் உண்மையான உடல் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்விருவரும் ஏழைக் குடும்பத்தினர். செம்பைன் வெயிலை விரும்பும் மரம். வேறெந்த மரமும் விரும்பாத வறண்ட, சத்தற்ற முகடுகளில் வேரூன்றக் கூடியது. மட்சுத்தாக்கேயும் அத்தகையதே. மண் கொழுத்தால் அங்கே வலிமை மிக்க வேறு பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் குடியேறிவிடும். அவற்றோடு போட்டியிட இதனால் இயலாது.

794ஆம் ஆண்டிற் கியோத்தோ தலைநகராயிற்று. அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் அடுப்புகளுக்குமாகச் சுற்றுமலைகளின் அகன்ற இலைக் காடுகள் வெட்டப்பட்டன. வெறுமையான சரிவுகளிற் செம்பைன் குடியேறியது; அதன் அடியில் மட்சுத்தாக்கே பெருகியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் விறகு வெட்டியும் சருகு வாரியும் அந்நிலத்தை ஏழையாகவே வைத்திருந்தனர். காளானை வளர்ப்பதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. தம் வயிற்றுப்பாட்டுக்காகவே செய்தனர். காளான் அவ்வுழைப்பின் நிழலில் வாழ்ந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் வீட்டுக்கு வந்தன. இரசாயனப் பசளை வயலுக்கு வந்தது. விறகும் சருகும் எவருக்கும் வேண்டாதவையாயின. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். பல மலைகளிற் பைனை வெட்டிவிட்டுக் கட்டட மரத்துக்காக வேறு மரங்களை நட்டனர். எஞ்சிய மலைகளிற் சருகு ஆண்டுதோறும் படிந்து உரமாயிற்று. நிழல் விரும்பும் மரங்கள் அடியில் எழுந்து பைனுக்கு வெயிலை மறைத்தன. நாம் புகையிரதத்திலிருந்து கண்ட பசுமை இதுவே.

இதற்குமேல் ஒரு கொள்ளையும் வந்து சேர்ந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு நுண்புழு, நீளம் ஒரு மில்லிமீற்றர் அளவே, வண்டு ஒன்றின் உடலில் ஏறி மரத்துக்கு மரம் செல்கிறது. வண்டு இளங்கிளையைக் கடித்த காயத்தின் வழியே புழு உட்புகுந்து பெருகும். மரத்தினுள் நீரோட்டம் தடைப்படும்; ஒரே பருவத்தில் இலைகள் செம்பழுப்பாகி மரம் பட்டுப்போகும். இப்பைன் சாவு 1905ஆம் ஆண்டிலேயே நாகசாக்கியில் அறியப்பட்டது. ஆயினும் அதற்குக் காரணம் இப்புழுவே என்பது 1971இலேதான் நிறுவப்பட்டது. 1979ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 24 இலட்சம் கன மீற்றர் பைன் மரம் அழிந்தது. மரம் செத்தால் அதன் வேரிற் பிழைக்கும் காளானும் மறுசோறு இன்றி மடிய வேண்டியதே.

வாரிக் கோலும் வியர்வையும்

முகட்டை அடைந்தபோது அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தனர். நகரத்திலிருந்து விடுமுறை நாளில் வந்த அலுவலரும், ஓய்வு பெற்றோரும், மாணவர் இருவரும் அவர்களுள் இருந்தனர். கியோத்தோவைச் சுற்றியுள்ள மலைகளில் இத்தகைய தொண்டர் குழுக்கள் சில இயங்குகின்றன. அவற்றுள் பெயர்பெற்றது காளான் ஆராய்ச்சியாளர் புமிஹிக்கோ யோஷிமுரா 2005இல் தொடக்கிய இயக்கமாகும். நாம் கண்டது அத்தனை பெரிய குழுவன்று. பெரியவரின் மலைக்கு அவருடைய பழைய மாணவத் தோழரின் பேரன் அழைத்துவந்த கூட்டம்.

வேலை எளிதானதன்று. முதலில் அடியில் எழுந்த சிறுமரங்களை வெட்டி அகற்றுகின்றனர். நெருக்கமாக நிற்கும் பைன்களில் நலிந்தவற்றை நீக்குகின்றனர். பின்பு வாரிக் கோலைக் கொண்டு சருகையும் அதன்கீழ் உக்கிய கருமண்ணையும் வாரி, மஞ்சள் நிற மணல்மண் தெரியும்வரை தரையைச் சுரண்டுகின்றனர். வாரியதை மலைக்குக் கீழே சுமந்து கொண்டுபோகவும் வேண்டும். அங்கேயே குவித்தால் உழைப்பு வீணாகிவிடும். நாமும் ஒரு வாரிக் கோலைக் கேட்டு வாங்கினோம். அரைமணி நேரத்தில் உள்ளங்கை சிவந்து, முதுகு வளைய மறுத்தது. நாம் துப்புரவாக்கிய இடமோ ஒரு பாயின் அளவுகூட இல்லை!

இவ்வாறு செய்தால் அடுத்த ஆண்டே காளான் முளைக்குமா என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். உயிருள்ள ஷீரோ அருகில் இருந்தால் சில ஆண்டுகளிற் பயன் தெரியலாமாம். இல்லையெனில், வெயில் பட்ட தரையிற் புதிய பைன் கன்று முளைத்து, அது இருபது முப்பது வயதை எட்டிய பின்னரே காளானை எதிர்பார்க்கலாம். அவர் காலடியில் விரலளவு உயரத்தில் ஒரு பைன் கன்று நின்றது. அதன்மீது ஒருவரும் மிதித்துவிடாதபடி சுற்றிலும் நான்கு குச்சிகளை நட்டு நூல் கட்டியிருந்தார். அவருடைய வயதையும் அக்கன்றின் வயதையும் மனத்திற் கூட்டிப் பார்த்த நாம், மேலே எதுவும் கேட்கவில்லை.

அவரே நம் எண்ணத்தை அறிந்தவர்போற் பேசினார். "நான் தின்ற காளானெல்லாம் என் பாட்டனார் வாரிய தரையில் முளைத்தவை. கடனைத் திருப்பிக் கொடுக்க நான் சற்றுத் தாமதித்துவிட்டேன்" என்றார். நண்பர் அதனை மொழிபெயர்த்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

நண்பகலில் எல்லாரும் அமர்ந்து உணவருந்தினோம். சோறும் ஊறுகாயும் சுடச்சுடக் கீரைக் கஞ்சியும். மட்சுத்தாக்கே இல்லை. உணவு முடிந்ததும் பெரியவர் நம்மைச் சற்று அப்பால் ஒரு முதிய பைன் மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். மலை முழுவதிலும் அவர் அறிந்த உயிருள்ள ஷீரோ அது ஒன்றுதானாம். மண்டியிட்டு, ஊசிச் சருகுகளை விரலால் மெல்ல நீக்கினார். அங்கே குடை முழுதும் விரிந்த ஒரு மட்சுத்தாக்கே நின்றது. நாம் முன்னாட் சந்தையிற் குனிந்து முகர்ந்த அதே மணம், அன்று அம்மலைக் காற்றிற் கலந்து வந்தது.

பறிக்கவில்லையா என்று கண்ணாற் கேட்டோம். அவர் தலையை அசைத்து மறுத்தார். விரிந்த குடையிலிருந்து நுண்வித்துகள் காற்றிற் பரவும். துப்புரவாக்கிய சரிவில் இளம் பைன் வேரை அவற்றுள் ஒன்றேனும் சென்றடையட்டும் என்பது அவர் விருப்பம். நீக்கிய சருகுகளை மீண்டும் அதன் அடியைச் சூழப் பரப்பிவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில்

மாலையிற் கியோத்தோ திரும்பியபோது கிழக்கு மலைத்தொடரில் வெயில் விழுந்திருந்தது. அங்கும் செம்பைன் பட்டுப்போன இடங்களை வேறு மரங்கள் பிடித்துக்கொண்டுள்ளன. அத்தொடரில் நிற்கும் தாய்மொஞ்சி மலைச்சரிவில், ஆண்டுதோறும் ஓகஸ்ட் 16ஆம் நாள் இரவு, பெரியது என்னும் பொருளுள்ள எழுத்தின் வடிவில் 75 இடங்களில் தீ மூட்டி, வந்து சென்ற மூதாதையரின் ஆவிகளை வழியனுப்புவர். அத்தீக்கு வேண்டியது செம்பைன் விறகு. அவ்விறகுக்கும் இப்போது தட்டுப்பாடு ஏற்படுமோ என்னும் கவலை பிறந்திருக்கிறது. ஒரு மரம் மறையும்போது அதனுடன் எத்தனை காரியங்கள் மறைகின்றன!

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மட்சுத்தாக்கேயைத் தனது சிவப்புப் பட்டியலிற் சேர்த்தது. அழியும் ஆபத்தை மூன்று படிகளாக வகுக்கும் அப்பட்டியலில் இது முதற்படியில் நிற்கிறது. கொரியாவிலும் சீனாவிலும் வட ஐரோப்பாவிலும் இக்காளான் வளர்வதால் உலகை விட்டு உடனே மறைந்துவிடாது. ஆனால் அதற்குப் பெயரும் பெருமையும் தந்த நாட்டிலேயே அது விருந்தாளியாகிவிட்டது.

தோட்டத்திற் பயிரிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். வைக்கோலில் வளரும் காளான்களைப் போல இதனை வளர்க்க அறிஞர் பல தலைமுறைகளாக முயன்று வந்துள்ளனர். கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் மினோரு ஹமாடா இவ்வாராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர். சந்தைக்கு வரும் அளவில் மட்சுத்தாக்கேயைப் பயிரிடும் வழி இன்னும் கைகூடவில்லை. உயிருள்ள பைனும், வெயிலும், வறிய மண்ணும், அவற்றை அவ்வாறே வைத்திருக்கும் மனிதரும் அதற்கு வேண்டும். புழுவை எதிர்த்து நிற்கவல்ல பைன் வகைகளைத் தெரிந்தெடுத்து நடும் பணியும் நடைபெறுகிறது. ஆனால் நட்ட மரத்தடியை ஆண்டுதோறும் வாரிவிட எவரேனும் மலையேறியே ஆக வேண்டும்.

அன்றிரவு விடுதியில் உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தனர். மட்சுத்தாக்கே இட்டுச் சமைத்த சோறு அதில் இருந்தது. நண்பர் நம்மைப் பார்த்தார். அம்மணத்தை இன்று மலையிலேயே அனுபவித்தாயிற்று என்று கூறி, வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னோம். உள்ளங்கையிலிருந்த கொப்புளம் இரண்டு நாள் வரையில் ஆறவில்லை. அந்த விரலளவுக் கன்றைச் சூழக் கட்டியிருந்த நூல்மட்டும் இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை.